ஒரு கருதில் எத்தனை அப்பாக்கள்?

(திண்டுக்கல்லில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான அறிவியல் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் மேசைமேல் ஆளுக்கொரு மக்காச்சோளக் கதிர் வைக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்துச் சொல்லில் கருது. தயவுசெய்து இப்போது யாரும் மணிகளை உதிர்க்க வேண்டாம். தின்னக் கொடுத்ததும் இல்லை; முற்றிக் காய்ந்த கருது, பல்தான் வலிக்கும். பேசி முடித்ததும் அதை வைத்து ஒரு வேலை இருக்கிறது.

நான் சொல்ல வந்தது 2018-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஐப்பசியில் நம் மாவட்டத்து மக்காச்சோளக் காடுகள் எப்படி இருந்தன என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவில் கால்வைத்து, 2018-ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, அதே பருவத்தில் இங்கேயும் வந்து சேர்ந்தது. வேடசந்தூர், குஜிலியம்பாறை, ஒட்டன்சத்திரம் என்று எந்தப் பக்கம் போனாலும் குருத்து சல்லடையாகிக் கிடந்தது. இலையில் மரத்தூள் கொட்டியதுபோல் புழுவின் எச்சம். பகலில் குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும் புழுவுக்கு வெளியே அடித்த மருந்து எட்டவில்லை. மானாவாரியாக விதைத்து, கடன் வாங்கி உரம் வைத்தவர்கள் வாயடைத்து நின்றார்கள்.

அந்த நாட்களில் என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பைக்குள் ஒரு கருதை வைத்துக்கொண்டு வந்தாள்.

“சார், எங்க காட்டுல எல்லாச் செடியவும் புழு தின்னுருச்சு. இந்த ஒரு செடி மட்டும் பச்சுனு நின்னுச்சு. ஏன் சார்?”

நான் யோசிக்கவே இல்லை. மரபியல் பாடம் நடத்துகிற ஆசிரியனுக்கு வாயில் தயாராக இருக்கும் பதில்தான். “அந்தச் செடிக்கு இயற்கையிலேயே எதிர்ப்புத் திறன் இருந்திருக்கும். மரபணு வேறுபாடு” என்றேன்.

“அப்ப இந்த விதையப் போட்டா புழு வராதா சார்?”

“போட்டுத்தான் பாரேன்.”

போட்டாள். தை மாதம் கிணற்றடியில் ஒரு வரிசை, அவளே தண்ணீர் பாய்ச்சி வளர்த்தாள். நாற்பது நாள் கழித்து ஓர் இலையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். இலை முழுக்க ஓட்டை. “இதையும் தின்னுருச்சு சார்” என்றாள். கொஞ்சம் நின்று, “ஒரு செடி கழுத்து உசரம் இருக்கு, ஒண்ணு முழங்கால் உசரம்தான் இருக்கு. எங்கப்பா போட்டப்ப எல்லாம் ஒரே மட்டமா வந்துச்சே, ஏன் சார்?” என்றும் கேட்டாள்.

அவள் உண்மையான ஓர் ஆய்வைச் செய்து இரண்டு கண்டறிதல்களோடு வந்திருந்தாள். என்னிடம் ஒன்றுக்கும் சரியான விளக்கம் இல்லை. அதற்குப் பிறகுதான் மக்காச்சோளப் பயிர்ப்பெருக்கம் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இன்று பேசப்போவது முழுக்க அந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்தான்.

முதலில் உங்கள் முன்னால் இருக்கும் கருதைப் பாருங்கள். மக்காச்சோளச் செடியின் உச்சியில் இருப்பது ஆண் பூ. இடுப்பில் குழந்தையைப் போல் ஒட்டியிருக்கும் கருது பெண் பூங்கொத்து. கருதின் நுனியில் பட்டு நூல் போல் தொங்குகிறதே, அந்த முடி ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஒரே ஒரு சூலோடு இணைந்திருக்கிறது. ஒரு முடிக்கு ஒரு மணி. முடியில் மகரந்தத் தூள் விழுந்து, குழாய் முளைத்து, அந்த நீளம் முழுவதும் இறங்கிப் போய்ச் சூலைச் சேர்ந்தால்தான் மணி பிடிக்கும். கருதின் நுனியில் மணி பிடிக்காமல் பொக்கையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து வரும் முடிகள் கடைசியில்தான் வெளியே வரும். அதற்குள் தூள் கொட்டி முடிந்துவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

ஒரு செடியின் உச்சிப் பூ பல இலட்சம் மகரந்தத் துகள்களைக் கொட்டுகிறது. அதைச் சுமப்பது காற்று. தன் பூவின் தூள் கொட்டத் தொடங்கி ஓரிரு நாள் கழித்தே பெரும்பாலும் தன் கருதில் முடி வெளிவரும். அதனால் தன் தூள் தன் மேலேயே விழுவது மிகக் குறைவு, நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் சொல்கிறார்கள். மற்ற மணிகளுக்கெல்லாம் அக்கம்பக்கத்துச் செடிகளே தந்தை. ஆக, ஒரு கருதில் நானூறு மணி இருந்தால் அவற்றுக்குத் தாய் ஒன்று, தந்தையர் பலர். நெல்லிலும் மெண்டலின் பட்டாணியிலும் இது நடப்பதில்லை. அவை தமக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்பவை. நெல் ரகம் ஒன்றில் ஒரு செடியைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரி. காற்றில் கலக்கும் நாட்டு மக்காச்சோளக் காட்டிலோ ஒரு செடியைப் போல் இன்னொன்று இருக்காது. இப்படித் தமக்குள் கலந்துகொண்டே, வேறுபட்டும் நிற்கிற செடிகளின் கூட்டத்தைத்தான் பாடநூல் இனத்தொகை என்கிறது. பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை வரையறையாகச் சொன்னால் மறந்துபோவார்கள். கருதைக் கையில் கொடுத்து “இந்த மணிக்கு அப்பா யாரு?” என்று கேட்டால் மறக்க மாட்டார்கள்.

இனி அந்த மாணவியின் அப்பா விதைத்ததைப் பார்ப்போம். அது கடையில் வாங்கிய வீரிய ஒட்டு விதை. 1908-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஷல் என்பவர், மக்காச்சோளத்தைத் தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் செடி குன்றிப்போகிறது, ஆனால் ஒரே மாதிரியாகிவிடுகிறது என்றும், அப்படிக் குன்றிய இரண்டு வழிகளை ஒட்டினால் பிறக்கும் பிள்ளை இரண்டையும் மிஞ்சி வளர்கிறது என்றும் எழுதினார். பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் கலப்பின வீரியம் அதுதான். இப்போது நம் காடுகளில் விதைப்பது பெரும்பாலும் அப்படி இரண்டே வழிகளை ஒட்டிய ஒற்றைக் கலப்பு. எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே நாளில் பூ, கருது தொங்கும் உயரம்கூட ஒன்று. அவளுடைய அப்பாவின் காட்டில் ஆயிரக்கணக்கான செடிகள் இருந்தன. மரபணு நோக்கில் பார்த்தால் இருந்தது ஒரே செடி.

அப்படியானால் அந்தப் பச்சைச் செடி? அதற்கும் பக்கத்துச் செடிக்கும் மரபணுவில் வேறுபாடு இல்லை. அந்துப்பூச்சி அதில் முட்டையிடாமல் போயிருக்கலாம், செடி பிந்தி முளைத்திருக்கலாம். அது புழுவைத் தாங்கிய செடி இல்லை, புழுவிடம் தப்பிய செடி. நான் சொன்ன பதில் பாடநூல்படி சரி. அந்தக் காட்டுக்குத் தவறு. அவள் அந்த விதையைப் போட்டபோது, மெண்டல் சொன்ன எஃப்-2 தலைமுறை கிணற்றடியில் முளைத்தது. ஒட்டு ரகத்தின் பிள்ளைகள் பிரிந்து நெட்டையும் குட்டையுமாக வந்தன. வீரியமும் குறைந்தது. ஒட்டு விதையை எடுத்து மறுபடி விதைக்காதீர்கள் என்று வேளாண் துறையினர் சொல்வதற்குக் காரணம் இதுதான். அவளது இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முதல் கேள்விதான் நீளமானது. தாங்குகிற செடி எங்கே கிடைக்கும்?

வேறுபாடு இருக்கும் இடத்தில்தான் கிடைக்கும். இதை ஐயமறக் காட்டிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்து அறிவியல் வகுப்பில் சொல்வதற்கு இதைவிட நல்ல கதை குறைவு.

1896-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சிரில் ஹாப்கின்ஸ் என்பவர் ‘பர்ஸ் ஒயிட்’ என்ற, காற்றில் கலந்து விளையும் சாதாரண ரகத்திலிருந்து 163 கருதுகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் சில மணிகளை உதிர்த்து எண்ணெய் எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று அளந்தார். எண்ணெய் அதிகமுள்ள கருதுகளின் விதையைத் தனியே விதைத்தார், குறைவானதைத் தனியே. புரதத்துக்கும் அப்படியே. அடுத்த ஆண்டு அதில் மறுபடி அளந்து, மறுபடி பிரித்து விதைப்பது. அவ்வளவுதான் சோதனை. வெளியிலிருந்து ஒரு மணி விதைகூடச் சேர்க்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் இதை விடாமல் தொடர்ந்தார்கள், நூறு தலைமுறைக்கு மேல். தொடக்கத்தில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த எண்ணெய், ஒரு பிரிவில் இருபது விழுக்காட்டைத் தாண்டியது. முதலில் இருந்த 163 கருதுகளில் ஒன்றில்கூட அந்த அளவு எண்ணெய் இருந்ததில்லை. எண்ணெய்க்குக் காரணமான சிறுசிறு மரபணுக்கள் கூட்டம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. தேர்வு அவற்றைத் தலைமுறை தலைமுறையாக ஒரே செடியில் கொண்டுவந்து சேர்த்தது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று. நாற்பத்தெட்டுத் தலைமுறை மேல்நோக்கித் தேர்ந்தெடுத்த பிறகு, ஒரு பகுதியில் திசையை மாற்றிக் கீழ்நோக்கித் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணெய் இறங்கியது. அத்தனை காலம் ஒரே பக்கம் இழுத்தும் கூட்டத்துக்குள் வேறுபாடு தீர்ந்துபோகவில்லை என்று அது காட்டியது. இதோடு டென்மார்க்கின் ஜோஹான்சன் 1903-ல் அவரையில் கண்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள். தூய வழி அவரையில் பெரிய விதையை விதைத்தாலும் சின்ன விதையை விதைத்தாலும் பிள்ளைகளின் சராசரி எடை ஒன்றுதான். வேறுபாடு இல்லாத இடத்தில் எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் கிடைப்பது ஒன்றுமில்லை. அந்த மாணவியின் ஒரு கருதும் அப்படித்தான்.

இங்கே ஒரு வார்த்தை. இந்த இடத்துக்கு வந்தால் “நம் வகுப்பறைப் பிள்ளைகளும் பலவகைதானே” என்று திருப்பிப் பேசுவது நம் மேடை வழக்கம். நான் அதற்குப் போகப்போவதில்லை. பிள்ளைகளை யாரும் எண்ணெய்க்காகத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. மக்காச்சோளத்தை மக்காச்சோளமாகவே பேசுவோம்.

நம் நாட்டில் இந்த வேலை 1957-ல் அகில இந்திய ஒருங்கிணைந்த மக்காச்சோள மேம்பாட்டுத் திட்டத்தோடு ஒழுங்காகத் தொடங்கியது. 1961-ல் கங்கா, ரஞ்சித், டெக்கான் போன்ற ஒட்டு ரகங்கள் வந்தன. ஆனால் ஒட்டு விதை உற்பத்தி அன்று எளிதாக இல்லை. ஆண்டுதோறும் புது விதை வாங்க எல்லா உழவர்களாலும் முடியவில்லை. 1967-ல் விஜய், கிசான், ஜவகர், விக்ரம், சோனா, ஆம்பர் என்ற ஆறு ரகங்களை வெளியிட்டார்கள். இவை ஒட்டு ரகங்கள் இல்லை. காம்போசிட் எனப்படும் கலவை ரகங்கள். பல இடத்து மக்காச்சோளங்களைச் சேர்த்து விதைத்து, தமக்குள் கலக்கவிட்டு, அந்தக் கலவையிலேயே நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போய் உருவாக்கியவை. விளைச்சல் சிறந்த ஒட்டு ரகத்தைவிடக் குறைவு. ஆனால் உழவர் தன் விதையைத் தானே எடுத்துச் சில ஆண்டுகள் விதைக்கலாம். அப்படி எடுக்கும்போது ஒரு விதி உண்டு. பெரிதாக இருக்கிறதே என்று ஒன்றிரண்டு கருதிலிருந்து எடுத்தால் கூட்டம் குறுகி, செடி குன்றிவிடும். காட்டின் நடுப்பகுதியில் நூறு கருதுக்குக் குறையாமல் எடுத்துக் கலக்க வேண்டும்.

புரோட்டினா, சக்தி, ரத்னா என்ற பெயர்களைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். லைசின் மிகுந்த மக்காச்சோளம். 1971-ல் வந்த இவையும் கலவை ரகங்களே. மதிப்பெண்ணோடு இந்தக் கதையை விட்டுவிடுகிறோம்; பின்கதைதான் சுவையானது. லைசினைக் கூட்டும் ‘ஒபேக்-2’ மரபணு மணியைச் சுண்ணாம்பு போல் மென்மையாக்கிவிட்டது. எடை குறைந்தது, வண்டு தின்றது, உழவர் கைவிட்டார்கள். உலகம் முழுவதும் அந்த ஆய்வு படுத்துவிட்டது. மெக்சிகோவில் உள்ள பன்னாட்டு மக்காச்சோளம் - கோதுமை மேம்பாட்டு மையத்தில் அமிர்தசரஸில் பிறந்த சுரீந்தர் வாசலும், வேதியியலாளர் எவாஞ்சலினா வில்லேகாசும் மட்டும் விடவில்லை. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், சில மணிகளில் சுண்ணாம்பு வெண்மைக்கு நடுவே கண்ணாடி போன்ற திட்டுகள் தெரிந்தன. அந்தக் கூட்டத்தில் எங்கோ மறைந்திருந்த சிறு மரபணுக்கள் மணியைக் கெட்டியாக்க முயன்றதன் அடையாளம் அது. அத்தகைய மணிகளையே பொறுக்கி, லைசினையும் அளந்து, ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்துக் கெட்டி மணியும் நல்ல புரதமும் சேர்ந்த மக்காச்சோளத்தை உருவாக்கினார்கள். 2000-ல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நோய்க்கும் இதே வழிதான். நம் ஊரில் அடிச்சாம்பல் நோய் தெரியும். கோயம்புத்தூர்ப் பகுதியில் அதன் தாக்கம் அதிகம் என்பதால் புது ரகங்களை அங்கே விதைத்துச் சோதிக்கிறார்கள். தாய்லாந்திலும் அந்த நோய் பெரும் சேதம் செய்தது. 36 வகை மக்காச்சோளங்களைக் கலந்து ஏற்கெனவே அவர்கள் ஒரு கூட்டத்தை வைத்திருந்தார்கள். அதில் பிலிப்பைன்ஸ் நாட்டு எதிர்ப்பு ரகங்களைச் சேர்த்து, நோயை வேண்டுமென்றே பரப்பி, தாங்கி நின்றவற்றை மட்டும் திரும்பத் திரும்பக் கலந்து, 1975-ல் ‘சுவான்-1’ என்ற ரகத்தை வெளியிட்டார்கள். வெப்ப நாடுகள் பலவற்றில் அது பயன்பட்டது. அமெரிக்காவில் 1970-ல் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே விதைத்த மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே வகைச் சைட்டோபிளாசத்தைக் கொண்டிருந்தது. ஒட்டு விதை உற்பத்தியில் ஆண் பூவைக் கிள்ளும் கூலியை மிச்சப்படுத்த அந்த வகை உதவியது. அதை மட்டும் குறிவைத்துத் தாக்கும் இலைக்கருகல் பூஞ்சை ஒன்று பரவி, ஒரே பருவத்தில் நாட்டு விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டைக் கொண்டுபோயிற்று.

இனி படைப்புழுவுக்கு வருகிறேன். புழுவும் மக்காச்சோளமும் ஒரே கண்டத்தில் பிறந்தவை. அங்கே நெடுங்காலம் புழுவோடு போராடி வாழ்ந்த நாட்டு மக்காச்சோளங்களில் தாங்கும் திறன் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் தேடினார்கள். கரீபியன் கடலில் ஆன்டிகுவா என்றொரு சின்னத் தீவு. நமக்குக் கிரிக்கெட்டில் மட்டும் அறிமுகம். அந்தத் தீவு உள்ளிட்ட இடங்களில் சேகரித்த மக்காச்சோளங்களைக் கலந்து, பலவகைப் புழுக்களையும் தாங்கும் ஓர் இனத்தொகையை மெக்சிகோ மையம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கியிருந்தது. அப்போது படைப்புழு அமெரிக்கக் கண்டத்தைத் தாண்டவில்லை. நம் ஊருக்கு அது வரும் என்று யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். 2016-ல் ஆப்பிரிக்காவில் புழு பரவியதும் அந்த விதைதான் கைகொடுத்தது. கென்யாவில் கிபோகோ என்ற இடத்தில் வலைக்கூடங்களுக்குள் செடி வளர்த்து, ஒவ்வொரு செடியிலும் புழுக்குஞ்சுகளை விட்டுச் சோதித்தார்கள். எல்லாச் செடிக்கும் புழு உண்டு என்று ஆக்கிவிட்டால், தப்பிய செடி எது, தாங்கிய செடி எது என்ற குழப்பமே இல்லை. நானும் என் மாணவியும் தவறவிட்ட படி அதுதான். 2020 இறுதியில் ஆப்பிரிக்காவுக்கென மூன்று ஒட்டு ரகங்களை அந்த மையம் அறிவித்தது. புழு அவற்றைத் தொடாது என்று நினைத்துவிட வேண்டாம். தொடும், தின்னும், ஆனால் செடி தாங்கி விளையும்.

கவனித்தீர்களா, கடைசியில் வந்தது ஒட்டு ரகம்தான். ஒட்டு ரகத்தை நான் குறை சொல்லவில்லை. நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாக லாரி லாரியாகப் போகிற மக்காச்சோளம் அதிலிருந்துதான் வருகிறது. நம் உழவர்கள் கணக்குப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே மட்டமாக நிற்கும் அந்தக் காட்டுக்குப் பின்னால், எங்கோ ஒரே மட்டமாக இல்லாத ஒரு கூட்டத்தை யாரோ ஆண்டுதோறும் விதைத்துக் காத்துவருகிறார்கள் என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். நம் மாவட்டத்திலேயே வாகரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பழனிக்குச் சுற்றுலா அழைத்துப்போகிறோம், கொடைக்கானலுக்குப் போகிறோம். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கி, பூக்கும் பருவத்தில் ஒருமுறை வாகரைக்கும் போய் வாருங்கள். கருதுக்கும் உச்சிப் பூவுக்கும் காகித உறை மாட்டிய செடிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், நான் இவ்வளவு நேரம் பேசியது பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

பள்ளியிலேயே செய்ய ஒன்று சொல்கிறேன். தோட்டத்தில் நான்கு வரிசை சாதாரண மக்காச்சோளம், நடுவில் ஒரு வரிசை இனிப்பு மக்காச்சோளம். இரண்டும் ஒன்றாகப் பூக்க வேண்டும். அதனால் கடைக்காரரிடம் பூக்கும் நாளைக் கேட்டு, பிந்திப் பூப்பதை அதற்கேற்ப முந்தி விதையுங்கள். கடை விதையில் மருந்து பூசியிருக்கும், பிள்ளைகள் வெறுங்கையால் தொடக்கூடாது; நீங்கள் கையுறை போட்டு ஊன்றுங்கள். இனிப்புக் கருதைப் பச்சையாகப் பறிக்காமல் காயவிடுங்கள். சத்துணவுக்கூடத்திலிருந்து கோரிக்கை வரும், மசியாதீர்கள். காய்ந்த பின் உரித்தால் சில மணிகள் சுருங்கியும் சில மணிகள் உருண்டையாகவும் இருக்கும். சுருங்கியது இனிப்புத் தந்தையின் பிள்ளை, உருண்டையானது பக்கத்து வரிசைத் தந்தையின் பிள்ளை. அப்பா யார் என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்றுகூட உயர் வகுப்பினர் வரைபடம் போடலாம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை, உங்கள் கையில் இருக்கும் கருதே போதும். கருதின் குறுக்கே மணி வரிசைகளை எண்ணச் சொல்லுங்கள். பன்னிரண்டு வரும், பதினான்கு வரும், பதினாறு வரும். பூக்கள் இரண்டிரண்டாக இணைந்தே உருவாவதால் இரட்டைப்படையில்தான் வரும். நீள வரிசையில் எத்தனை மணி என்று எண்ணிப் பெருக்கினால் ஒரு பெருக்கல் கணக்கும் ஆயிற்று.

இப்போது நீங்களும் எண்ணத் தொடங்கலாம். யாருக்காவது ஒற்றைப்படையில் வந்தால் கை தூக்குங்கள். இருவரும் சேர்ந்து இன்னொரு முறை எண்ணிப் பார்ப்போம்.